பத்தாயிரமா, அஞ்சாயிரமா?

வீடு வீடாகப் போய் முழங்காலுக்கும் முதுகுக்கும் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். கார் நின்றால் பிழைப்பும் நின்றுவிடும். அந்தக் கார் காலையிலிருந்து கடகடவென்று ஒரு புதுச் சத்தம் போட்டது. என்னவென்று பார்க்கக் குனிந்தவள் கண்ணில், ஆயில் மாற்றிய கிலோமீட்டரைக் குறித்துக் கதவோரம் ஒட்டியிருந்த பழைய சீட்டு பட்டது. மனக்கணக்குப் போட்டாள். கடைசியாக ஆயில் மாற்றி வண்டி பதினாறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. வண்டியை நேரே மெக்கானிக் கடைக்கு விட்டாள்.

போன வருடம் இதற்காகவே வீட்டில் ஒரு மகாயுத்தம் நடந்தது. பள்ளிக்கூட குமாஸ்தாவான அவள் கணவர், அஞ்சாயிரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவள் காரோடு வந்த புத்தகத்தைப் பிரித்து, பத்தாயிரம் என்ற வரியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, "உன் இஷ்டம்" என்று அவர் வாயை மூடிக்கொண்டார். ஜெயித்த மகராசி அந்தப் பத்தாயிரத்தையும் கோட்டை விட்டிருந்தாள்.

"இன்ஜின் போயிடுச்சா அண்ணே?" என்றாள் மெக்கானிக்கிடம்.

அவர் இன்ஜினிலிருந்து ஆயில் அளவுகோலை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் ஆயில் தேன் நிறத்தில் மின்னியது.

"நல்லாத்தானேம்மா இருக்கு? போன மாசம்தானே மாத்தினேன்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யார் மாத்தச் சொன்னது?"

"சார்தான். அஞ்சாயிரம் ஆனா வந்துடுவாரு. சீட்டு ஒட்டாதீங்க, வீட்ல சண்டை வரும்னாரு. சத்தம் ஒண்ணுமில்ல, அடித்தகட்டுல ஒரு போல்ட் கழண்டிருக்கு."

சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கழுவுகிறேன் என்று கணவர் அரை நாள் காணாமல் போனதன் மர்மம் இப்போது விளங்கியது. அங்கே கிடந்த பழைய டயரில் பொத்தென்று உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"புத்தகத்துல பத்தாயிரம்னு போட்டிருக்கே?"

"அது தொலைதூரம் ஓட்டுறவங்களுக்கும்மா. நீங்க அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு ஒரு மணி நேரம் நிறுத்துறீங்க. இன்ஜின் சூடாகறதுக்குள்ள அணைச்சுடுறீங்க. அதுக்கு அஞ்சாயிரம்தான். அடுத்த பக்கத்துலயே இருக்கும் பாருங்க."

அடுத்த பக்கம்! சண்டையில் ஜெயித்த பிறகு பக்கத்தைப் புரட்ட யாருக்குத் தோன்றும்?

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "மெக்கானிக் என்ன சொன்னாரு?" என்று சட்டையைப் பார்த்தே கேட்டார்.

குட்டை உடைக்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

"என் ஓட்டத்துக்கு அஞ்சாயிரம்தானாம். நீங்க சொன்னதுதாங்க சரி."

கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவர் காதில் விழுந்ததில்லை. சட்டையைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.