ஒடியாத கட்டில்

நீதுவின் கட்டில் முதல் தடவை ஒடிந்தபோது தாணுலிங்கத்துக்கு வந்தது கவலை அல்ல, கோபம். அதுவும் மகள் மேல் இல்லை, மருமகன் மேலும் இல்லை. கட்டிலின் தலைமாட்டுப் பலகையையும் பக்கப் பலகையையும் சேர்த்துப் பிடித்திருந்த, ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள பூட்டின் மேல்தான் கோபம்.

ஆரியசாலையில் அவர் கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க அந்தச் சாமான்கள்தான். ஆசாரி இல்லாமலே கட்டிலும் பீரோவும் பூட்டிக்கொள்ள உதவுகிற பூட்டுகள், ஊசிகள், கீல்கள், திருகாணிகள். ஒரு பலகையில் ஊசியைத் திருகு, அடுத்த பலகையின் துளைக்குள் நுழை, பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் அரைச் சுற்றுத் திருப்பு. முடிந்தது வேலை. பசை வேண்டாம், ஆணி வேண்டாம். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. தாணுலிங்கத்துக்குத் தன் பூட்டு. ஒரே மகளுக்குச் சீர் கொடுக்கும்போது கடையில் விற்கிற கட்டிலை வாங்குவாரா? பலகை அறுக்கக் கொடுத்து, துளையிட்டு, எல்லாவற்றையும் கட்டாகக் கட்டிப் பேரூர்க்கடைப் பகுதியில் மருமகன் அபிலாஷின் வாடகை பிளாட்டுக்கு ஏற்றிக் கொண்டுபோய், அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து தன் கையால் பூட்டினார்.

சீராகக் கொடுத்த சாமான் புகுந்த வீட்டில் பழுதானால் அதைச் சரி செய்துகொடுக்க வேண்டியது பெண்ணைப் பெற்றவன்தான். நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து எத்தனை தலைமுறை ஆனாலும் அந்த வழக்கம் அவர்கள் ஆட்களிடம் மாறவில்லை. ஒடிந்த சீர் ஒரு வாரம் மாப்பிள்ளை வீட்டில் கிடந்தால் போதும், ஊரெல்லாம் பேச்சாகிவிடும். மற்றவர்கள் ஆளை அனுப்புவார்கள். இவர் தாமே பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அபிலாஷ் போனில் மரியாதையாகத்தான் சொல்லியிருந்தான். "மாமாவுக்கு ஒண்ணும் தோணப்பிடாது. சாதனம் கொஞ்சம் மோசமாணு, கேட்டோ." தன் சாமானுக்குக் கிடைத்த அந்த "மோசம்" வழியெல்லாம் அவரைக் குத்திக்கொண்டே வந்தது.

கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஊசி கழன்றிருக்கவில்லை. பக்கவாட்டில் மடங்கி முறிந்திருந்தது. படுக்கிறவர்களின் பாரம் கீழ்நோக்கி இறங்கும், ஊசியை இப்படி முறிக்காது. கனமான ஏதோ ஒன்று பக்கத்திலிருந்து வந்து மோதியிருக்கிறது. அது அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுகிறவர்களைப் பற்றிச் சொல்வார்கள். இவர் டார்ச்சே பிடித்திருந்தார்.

"கட்டில இழுத்தியா மக்களே?"

நீது கதவோரம் நின்றாள். கீழேயிருந்து பார்த்தால் அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு பாதத்தின் மேல் இன்னொன்றை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஆமாப்பா. பெருக்கதுக்கு இழுத்தேன்."

இழுக்கவே கூடாது, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் வைக்க வேண்டும் என்று கட்டிலுக்கு அடியிலிருந்தபடியே நீளமாக விளக்கினார். நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்டால்தானே என்று ஹாலிலிருந்து அபிலாஷ் சிரித்தான். மகளுக்குப் பொறுப்பு போதாது என்று மருமகன் முன்னால் அவரும் ஒத்துக்கொண்டு, புது ஊசி மாட்டிவிட்டு வந்தார்.

அடுத்து பீரோக் கதவு போயிற்று. கீல் மட்டும் கழன்றிருந்தால் பரவாயில்லை. பலகையையும் தூள் தூளாகப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு ஆள் தொங்கினால்தான் இப்படி வரும். கதவை ஒருவர் விடாமல் பிடித்திருக்க, இன்னொருவர் அவரைப் பிடித்து இழுத்தாலும் வரும். இரண்டாவது அவர் மனதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஈரப் புடவையை எல்லாம் கதவில் போடுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். நல்ல வெயில் காலம். மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த உடுப்புப் போட்டிருந்தாள். அவர் கண் கீலை விட்டு அகலவில்லை.

அவர் மனைவி முத்தாரம்மாளுக்கு ஊசியும் தெரியாது, பூட்டும் தெரியாது. மகளோடு தினமும் போனில் பேசுவாள். நீது, தான் என்ன சமைத்தாள் என்று சொல்வாள், அம்மா என்ன சமைத்தாள் என்று கேட்பாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். முன்பெல்லாம் வாய் மூடாத பெண். பெற்ற வயிற்றுக்கு அந்த மௌனம் போதும். ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே கணவரிடம் கேட்டுவிட்டாள்.

"ஒடிஞ்ச சாமானத்தான் பாக்கிய. பிள்ளைக்க முகத்தப் பாத்தியளா? கொஞ்ச நாளு இங்க கொண்டுவந்து நிறுத்துங்கோ."

என்ன காரணம் சொல்லிக் கூட்டிவருவது என்று தாணுலிங்கம் கேட்டார். மாப்பிள்ளை நல்ல கம்பெனியில் இருக்கிறான், குடி கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான். கட்டில் ஒடிந்ததற்குப் பெண்ணை அழைத்து வந்தான் என்றால் ஆரியசாலை சிரிக்கும் என்றார். முத்தாரம்மாளிடம் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. அதன்பிறகும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர்தான் காதில் வாங்கவில்லை.

ஒருநாள் காலையில் நீது தனியாகக் கடைக்கு வந்தாள். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி நடந்தே வந்திருந்தாள். தகப்பனிடம் கேட்டது ஒரே ஒரு பொருள்.

"அறைக் கதவுக்கு உள்ளே போடுற தாழ்ப்பாள் ஒண்ணு வேணும்ப்பா."

கைப்பிடியிலேயே பூட்டு இருக்கிறதே என்றார். அதை வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கலாம் என்றாள். தாணுலிங்கம் சிரித்துவிட்டார். ஒரு வீட்டில் இருப்பதே இரண்டு பேர், இதில் யாருக்கு எதிராகத் தாழ்ப்பாள் என்று கேலி செய்தார். வாடகை வீட்டுக் கதவில் துளை போட்டால் வீட்டுச் சொந்தக்காரன் சும்மா விடுவானா என்றும் கேட்டார். அவர் தலைக்கு மேலேயே தாழ்ப்பாள்கள் வரிசையாகத் தொங்கின. கையை உயர்த்தினால் எடுக்கலாம். அதை விட்டுவிட்டு, கட்டிலுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக அவளிடம் உற்சாகமாகச் சொன்னார். நீது டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வழி, இரும்பு ஆங்கிள். எல் வடிவத்தில் மடக்கிய தடித்த தகடு. கட்டிலின் மூலைக்கு மூலை வெளிப்பக்கமாக வைத்து, பலகையை ஊடுருவி மறுபக்கம் வருகிற போல்ட்டு போட்டு முறுக்கினால், பலகை உளுத்துப் போனாலும் மூலை விடாது. பார்க்க அழகில்லை. மூலையில் கை பட்டால் கீறும். தாணுலிங்கம் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கட்டிலையும் பீரோவையும் மூலை மூலையாக இறுக்கினார். அபிலாஷ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தான். கேட்டதை எடுத்துக் கொடுத்தான். இப்படி ஒரு மருமகன் யாருக்கு வாய்க்கும் என்று அவருக்கு மனசு குளிர்ந்தது.

"இனி யானை வந்து முட்டினாலும் அசையாது மாப்பிள."

அபிலாஷ் எழுந்து காலால் கட்டிலை ஓங்கி ஓர் உதை உதைத்தான். கட்டில் அசையவில்லை.

"இது மதி மாமா, இது போதும்," என்றான்.

நீது அடுப்படியில் இருந்தாள். உதைத்த சத்தம் கேட்டும் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மழைக்காலம் முழுக்க வரவில்லை. தாணுலிங்கத்துக்குத் தலை நிமிர்ந்தது. அந்த ஆங்கிள் ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். என் மகள் வீட்டில் போட்டிருப்பது இதுதான், அதன்பிறகு ஒரு புகார் உண்டா என்று கேட்பார். நல்ல விற்பனையும் ஆயிற்று. முத்தாரம்மாள் பழைய பேச்சை எடுத்தாலும் அதே பதில்தான். சாமான் சரியில்லாமல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது, எல்லாம் நின்றுவிட்டது பார் என்றார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அபிலாஷ் பேசினான். நீது பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மாமனாரையும் மாமியாரையும் கண்டதும் எழுந்து நின்றான். சோப்புத் தண்ணீர், புது டைல், தான் அந்த நேரம் குளிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். முத்தாரம்மாள் அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். கட்டிலில் கிடந்த மகளின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீதுவுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. இடது கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்று நர்ஸ் சொன்னாள்.

தாணுலிங்கத்துக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பாத்ரூமில் ரப்பர் பாய் போடச் சொல்லியிருந்தேனே என்றார். அந்த நேரத்திலும் அவர் வாயில் வந்தது ஒரு சாமான்தான்.

நீது கட்டாத கண்ணால் வாசலைப் பார்த்தாள். அபிலாஷ் வெளியேதான் இருந்தான். அவள் மெல்லச் சொன்னாள்.

"பாத்ரூம் இல்லப்பா. கட்டில்."

"கட்டில் ஒடிஞ்சிட்டா மக்களே?"

கேட்டுவிட்டார். பழக்க தோஷம், வார்த்தை தானாக வந்து விழுந்துவிட்டது. முத்தாரம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வை சாகிறவரைக்கும் அவருக்கு மறக்காது.

"இல்லப்பா," என்றாள் நீது. கோபமே இல்லை அந்தக் குரலில். "முன்னாடி என்னைத் தள்ளும்போ அது ஒடியும். இப்ப ஒடியல்ல."

பக்கவாட்டில் முறிந்த ஊசி, பலகையோடு பிய்ந்த கீல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற பாதங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அவருக்குப் புரிந்தது. மோதியது என்ன என்று இப்போது தெரிந்தது. அத்தனை நாளும் அந்தப் பலகைகள்தான் ஒடிந்து ஒடிந்து அவர் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அவர் போய் அதை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

டாக்டர் ஸ்ரீலட்சுமி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன வயதுதான், ஆனால் நேராகப் பேசினார். வழுக்கி விழுந்ததாகப் பெண்ணும் சொல்கிறாள், கணவரும் சொல்கிறார். ஆனால் புருவத்தில் இருக்கிற காயம் டைலில் பட்ட காயம் இல்லை. இரண்டு நேர்க்கோடுகள் ஒரு மூலையில் வந்து சேர்கின்றன, மூலைமட்டத்தை வைத்துக் கீறினது போல. எதில் பட்டது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றால், அவர்கள் சொன்னபடியே எழுதிவிடுவதாகச் சொன்னார்.

அபிலாஷ் எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. அவன் கை தாணுலிங்கத்தின் தோளில் விழுந்தது. குடும்ப விஷயம், வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் மாமா என்று காதருகில் சொன்னான். பெண்ணின் பெயர், குடும்பப் பெயர், ஆரியசாலை எல்லாம் அந்தக் கையில் இருந்தது. ஊர் சிரிக்கும் என்று பயந்து வாழ்ந்த மனிதர் அவர்.

தாணுலிங்கம் சட்டைப் பைக்குள் கையை விட்டார். எல்லாருக்கும் எடுத்துக் காட்டுகிற அந்த ஆங்கிளை எடுத்து டாக்டரின் மேஜை மேல், காகிதங்களுக்கு மேலே வைத்தார். மூலை டாக்டரைப் பார்த்தபடி இருந்தது. தோளிலிருந்த கை விலகியது.

டாக்டர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். தாணுலிங்கம் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார்.

"எங்க கடைச் சாமான். அவன் என் மகளை இதுல கொண்டுபோய்த்தான் அடிச்சிருக்கான். இது ஒடியாது டாக்டர். நான்தான் மாட்டிக் கொடுத்தேன்."