கரையாமல் நின்ற எலும்பு

மேனாம்பேட்டில் ஆட்டோ ஓட்டும் ஹேமாவதிக்கு முடக்குவாதம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காலையில் விரல்கள் மடங்காது. சுடுதண்ணீரில் கையை முக்கி எடுத்துவிட்டு, மருந்துக்கடையில் அவளாகவே வாங்கிய சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்வாள். மதியம் வரை கிளட்ச் பிடிக்க முடியும்.

ஒரு மழை நாளில் ஆட்டோ ஸ்டேண்டில் கால் வழுக்கிக் கையை ஊன்றினாள். லேசாகத்தான் விழுந்தாள். ஆனால் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கட்டுப் போட்டவர்கள் அவளைப் பெரியாஸ்பத்திரியின் மூட்டுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் ரேஷ்மா எலும்பு ஸ்கேனைப் பார்த்தார்.

"இதுக்குப் போய் கை ஒடையுமா மேடம்?" என்று ஹேமாவதி கேட்டாள்.

"எலும்பு ஏற்கெனவே மெலிஞ்சிருக்கும்மா. மூட்டுல இருக்கற வீக்கமே எலும்பை அரிக்கும். நீங்க போட்டுக்கிட்டது ஸ்டீராய்டு. வலியை அமுக்கிச்சு, எலும்பையும் கரைச்சிடுச்சு."

ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று சொல்லி, அதோடு மூட்டுக்கு வேறு மாத்திரைகளும் கால்சியமும் கொடுத்தார் டாக்டர். முறிவு கூடியது. ஆனால் ஆறு மாதமாகியும் வீக்கம் அடங்கவில்லை. பயாலஜிக் ஊசி போடலாம் என்றார் டாக்டர். உடம்பில் வீக்கத்தைக் கிளப்பிவிடும் பொருளையே அது தடுக்கும் என்று விளக்கினார்.

அவள் கணவன் தங்கவேல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எல்லாரும் எஸ்டேட் என்று சொல்லும் இடத்தில், வெல்டர். அவனுக்கு இது பிடிக்கவில்லை.

"அந்த ஊசி உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லாம பண்ணிடுமாம். எங்க ஷெட்ல சொல்றாங்க. வேணாம் ஹேமா."

"ஷெட்ல கீறவங்க என் ஸ்கேனைப் பாத்தாங்களா? நீயே வந்து டாக்டராண்ட கேளு."

அவன் வந்தான். அவன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, உடம்புக்குள் தூங்கும் காசநோய்க் கிருமியை ஊசி கிளப்பிவிடலாம், அதனால்தான் முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்கிறோம் என்றார் டாக்டர். முடிவு வந்தபோது, வெளியே தெரியாத காசநோய்க் கிருமி அவள் உடம்பில் இருந்தது.

"பாத்தியா?" என்றான் தங்கவேல்.

"பாத்தேன். ஊசிக்கு முன்னாடியே தெரிஞ்சிச்சி இல்ல? மொதல்ல அதுக்கு மாத்திரை போடறேன்."

ஒரு மாதம் அந்த மாத்திரைகளை விடாமல் போட்ட பிறகுதான் ஊசி தொடங்கியது. டாக்டர் முன்பு கொடுத்த மாத்திரைகளும் கால்சியமும் கூடவே தொடர்ந்தன. நர்ஸ் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துத் தொடையில் தானே குத்திக்கொள்ளப் பழகினாள். முதல் தடவை வீட்டில் போட்டுக்கொண்டபோது தங்கவேல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

சில வாரங்களில் காலை விறைப்பு குறைந்தது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் டாக்டர் நிறுத்திவிட்டார். ஊசி தொடங்கி ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள்.

"முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முன்ன எடுத்த ஸ்கேன்ல இருந்தபடியே இருக்கு. இறங்கலை. விரல் மூட்டுல புதுசா அரிப்பு இல்லை. கை எலும்பு மட்டும் இன்னும் கொஞ்சம் மெலிஞ்சிருக்கு."

"அரிச்சிட்டுப் போனது திரும்பி வளராதா மேடம்?"

"அது வராதும்மா. மேல போகாம பிடிச்சு நிறுத்தத்தான் இந்த ஊசி."

கூட வந்திருந்த தங்கவேலோடு அவள் பஸ்ஸில் திரும்பினாள். முழுசாக வந்துவிடும் என்றுதான் உள்ளுக்குள் நம்பியிருந்தாள். அம்பத்தூரில் இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிய மாத்திடலாம்," என்றாள். "கரண்ட் வண்டில கிளட்ச்சும் இல்ல, கியரும் இல்ல. இந்தக் கை போதும்."

"ஊட்ல இரேன். நான்தான் கீறேனே."

"நீ கீற. நானும் ஓட்டறேன்."

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சார ஆட்டோ எடுத்தாள். முதல் வாரம் பிரேக்கை அழுத்தி அழுத்தி, பின்னால் வருபவர்களிடம் திட்டு வாங்கினாள். பிறகு பழகிவிட்டது.

ஒரு சாயங்காலம் எஸ்டேட் வாசலில் இரண்டு பெண்கள் கை காட்டினார்கள்.

"காட்டுப்பாக்கம் வருமாக்கா?"

கை முறிந்ததிலிருந்து அவ்வளவு தூரம் அவள் சவாரி எடுத்ததில்லை. மணிக்கட்டை ஒருமுறை சுழற்றிப் பார்த்தாள்.

"ஏறுங்க," என்றாள்.