பொன்னுசாமி பெயரில் ஒரு துப்பாக்கி

1937ஆம் வருடம் மே மாதம், கரும்பு வெட்டு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, தோட்டத்து மேனேஜர் பொன்னுசாமியை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு கித்தான் பையைக் கொடுத்தார். அந்தத் தீவில் வெள்ளைக்காரத் துரைகளை மிஸ்யே என்பார்கள்; மேனேஜர் எல்லோருக்கும் பெரிய மிஸ்யே. பொன்னுசாமி அந்தத் தோட்டத்தில் சர்தார். அறுபது ஆட்களை வேலைக்குக் கூட்டிப்போய், வேலை வாங்கி, திரும்பக் கூட்டிவருகிறவன்.

பைக்குள் ஒரு துப்பாக்கி இரண்டு துண்டாக இருந்தது. ஒன்று குழல். மற்றது விசையோடு சேர்ந்த மரக்கட்டை. ஒரு திருகை விரலால் முடுக்கினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். காட்டில் தனியாகத் திரிகிறவர்கள் மூட்டைக்குள் வைத்துக்கொண்டு போவதற்காகச் செய்தது, வழி தப்பினால் எதையாவது சுட்டுத் தின்று பிழைக்கலாம் என்று பெரிய மிஸ்யே, தீவில் எல்லோரும் பேசும் பிரெஞ்சு கலந்த கிரியோலில் விளக்கினார்.

"மலையடிக் கரும்புல முயலும் குரங்கும் அழிக்குது. நீ தனியா நடக்கிறவன். வச்சுக்கோ. லைசென்ஸ் உன் பேர்லயே வாங்கியாச்சு."

அந்தத் தோட்டத்தில் அதுவரை எந்தத் தமிழன் பெயரிலும் துப்பாக்கி இருந்ததில்லை. பொன்னுசாமி லைசென்ஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி சிவகாமி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்து இரண்டு துண்டுகளையும் சேர்த்துக் காட்டினான். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"முயலுக்கா இது?"

"முயலுக்கும் குரங்குக்கும்தான்."

"போன வருஷம் முயல் இல்லையா? அப்ப ஏன் கொடுக்கல?"

அந்த வருடம் வேலை அளவைக் கூட்டியிருந்தார்கள். ஒரு ஆள் ஒரு நாளில் வெட்ட வேண்டிய வரிசைகள் அதிகமாகிவிட்டன. ஆட்கள் முணுமுணுக்கிறார்கள் என்று பெரிய மிஸ்யேயிடம் போய்ச் சொன்னவனே பொன்னுசாமிதான். சிவகாமிக்கு அதுவும் தெரியும்.

இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். முழுத் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. குழலை அவன் ஆபீஸ் அலமாரியில் வைத்தான். கட்டை மட்டும் வீட்டில், சிவகாமியின் தகரப்பெட்டியில், பழைய சேலைத் துணி சுற்றிக் கிடந்தது. முயல் சுடப் போக வேண்டுமென்றால் அவளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் இரண்டு தடவை கேட்டான். இரண்டு முயல் கொண்டுவந்தான். அவள் சமைத்தாள், சாப்பிடவில்லை.

ஆகஸ்டில் மற்றத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை இந்தத் தோட்டத்து ஆட்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆபீசுக்கு நடந்தார்கள். இருநூறு பேர் இருக்கும். முன்னால் வந்தவன் மருதை. பொன்னுசாமியின் கூட்டத்தில் நல்ல வெட்டுக்காரன். அவனும் பொன்னுசாமியும் ஐந்து வருடம் ஒன்றாக விரதமிருந்து தீமிதித்தவர்கள். மருதை அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

"அண்ணே, பழைய அளவே போதும்னு உள்ள போய்ச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல. பதில் வந்தா வேலைக்குப் போயிடறோம்."

பொன்னுசாமி உள்ளே போனான். பெரிய மிஸ்யே மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இவன் சொல்லத் தொடங்கி இரண்டு வார்த்தைகூட ஆகியிருக்காது, பக்கத்து அறையில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த கரும்பு ஒடிகிற மாதிரிச் சின்னச் சத்தம்தான். பிறகு வெளியே கூச்சல்.

பக்கத்து அறையின் ஜன்னலோரம் பெரிய மிஸ்யேயின் அண்ணன் மகன் கஸ்தோன் நின்றிருந்தான். இருபத்திரண்டு வயது. கையில் பொன்னுசாமியின் துப்பாக்கி. "மேல பாத்துத்தான் சுட்டேன்," என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

மருதை படியில் கிடந்தான். கழுத்துக்குக் கீழே குண்டு பாய்ந்திருந்தது. மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஜன்னலில் குழலின் நுனியைப் பலர் பார்த்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே போனது யார் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். துப்பாக்கி யாருடையது என்றும் எல்லோருக்கும் தெரியும். அன்று மத்தியானத்துக்குள் சர்தார்தான் சுட்டான் என்ற பேச்சு ஆட்கள் குடியிருந்த கேம்ப் முழுக்கப் பரவிவிட்டது.

பெரிய மிஸ்யேயும் அதையே சொன்னார், வேறு விதமாக. "லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு. அவங்க கும்பலா வந்தாங்க, நீ பயந்துபோய்ச் சுட்ட. தற்காப்புன்னு கோர்ட் விட்டுடும். நீ இருக்கிற வீடு உன் ஆயுசு வரைக்கும் உனக்குத்தான். கஸ்தோன் சின்னப் பையன், யோசிச்சுப் பாரு."

பொன்னுசாமி வீட்டுக்கு நடந்தான். சிவகாமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கட்டை உங்க கைக்கு வந்துச்சா?" என்றாள்.

"எந்தக் கட்டை?"

காலையில் கஸ்தோன் குதிரையில் வந்ததாகவும், சர்தார் துப்பாக்கிக் கட்டையை வாங்கிவரச் சொன்னார் என்று கேட்டதாகவும், தான் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்ததாகவும் சொன்னாள். "ஒரு நிமிஷம் யோசிச்சேன். நீங்க ஒரு நாளும் ஆள் அனுப்பிக் கேட்டதில்லையேன்னு. ஆனா குதிரை மேல உக்காந்துகிட்டு ஒரு மிஸ்யே கேக்கும்போது, ஏன்னு கேக்க வாய் வரல."

பிறகு அவன் பெரிய மிஸ்யே சொன்னதைச் சொன்னான். "ஒத்துக்கிட்டா ஒரு நாள்ல முடிஞ்சிடும். வீடாவது மிஞ்சும்."

"ஒத்துக்கப் போறீங்களா?"

"இல்லைன்னு சொன்னா மட்டும் யார் நம்பப் போறா? கஸ்தோனும் அவன் சித்தப்பனும் ஒரு பக்கம். நான் ஒருத்தன்."

"நீங்க ஒருத்தர் இல்ல. கொடுத்தது என் கை. நான் வந்து சொல்றேன்."

"நீ ஏன் கொடுத்தேன்னு கேப்பாங்க. சபை நடுவுல நிக்க வச்சுக் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

மறுநாள் மருதையின் அடக்கத்துக்குப் பொன்னுசாமியை வர விடவில்லை. பாதி வழியில் நாலு பேர் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். சிவகாமி தனியாகப் போனாள். மருதையின் மனைவி பூங்காவனம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் கைக்குழந்தை. சுற்றியிருந்த பெண்கள் சிவகாமியைக் கண்டதும் ஒதுங்கினார்கள். அவள் பூங்காவனத்தின் முன்னால் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெட்டியைத் திறந்தது, துணியோடு எடுத்துக் கொடுத்தது, அவன் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனது.

பூங்காவனம் குழந்தையின் முதுகைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "புருஷனக் காப்பாத்த வந்து சொல்றியா?" என்றாள்.

"அதுக்கும்தான்," என்றாள் சிவகாமி. "ஆனா பொய் இல்ல."

"எழுந்து போ."

சிவகாமி எழுந்து வந்தாள்.

விசாரணை செப்டம்பரில் நடந்தது. கஸ்தோன் அந்த நேரத்தில் தான் மில்லில் இருந்ததாகச் சொன்னான். பெரிய மிஸ்யேயும் அப்படியே சொன்னார். பொன்னுசாமியைக் கூண்டில் ஏற்றித் துப்பாக்கியைக் காட்டினார்கள்.

"இது உன்னுடையதா?"

"என்னோடதுதான். நான் சுடல." அவன் அதற்கு மேல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. கஸ்தோன் கையில் அதைப் பார்த்ததை மட்டும் சொன்னான். கடைசியில், யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னான்: "ஆளுங்க முணுமுணுக்கறாங்கன்னு போய்ச் சொன்னது நான்தான். அதுக்கப்புறம்தான் இதைக் கொடுத்தாங்க. எதுக்குக் கொடுக்கறாங்கன்னு எனக்கும் உள்ளுக்குள்ள தெரியும்."

சிவகாமியின் முறை வந்தது. மேசை மேல் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். நீதிபதி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அவள் கட்டையை மட்டும் தொட்டாள்.

"இதைத்தான் கொடுத்தேன். அதோ அங்க உக்காந்திருக்காரே, அவர் கைல. அந்தக் குழல் ஒரு நாளும் என்கிட்ட இருந்ததில்ல."

கஸ்தோன் தரப்பு வக்கீல் அவளை அரைமணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார். கட்டிய புருஷனுக்காகச் சொல்கிறாய் என்றார். எழுதப் படிக்கத் தெரியுமா என்றார். அவள் ஒவ்வொரு தடவையும் அதையே, அதே வார்த்தைகளில் சொன்னாள். சாட்சிகள் பக்கத்துப் பெஞ்சில் பூங்காவனம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

சுட்டவர் யார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று தீர்ப்பு வந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. கஸ்தோன் அடுத்த கப்பலில் பக்கத்துத் தீவான ரெயூனியனுக்குப் போய்விட்டான். பொன்னுசாமிக்கு வேலை போயிற்று. அந்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது கேம்பிலிருந்து ஒருவரும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் பூங்காவனம் மட்டும் வந்தாள். பொன்னுசாமி வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"உன் மேல கோபம் போகல. போகும்னும் தோணல," என்றாள் சிவகாமியிடம். "கோர்ட்டுல நீ சொன்னதக் கேட்டேன். உன் புருஷன் சொன்னதையும் கேட்டேன். சர்தார்தான் சுட்டாருன்னு இங்க இவங்க பேசறத நான் பேச மாட்டேன்."

சிவகாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பூங்காவனம் சிறிது நேரம் கொடுத்துவிட்டு, விடுவித்துக்கொண்டு போனாள்.

அவர்கள் ட்ரியோலே கிராமத்தில் சிவகாமியின் தம்பி வீட்டுப் பின்பக்கம் ஒரு அறையில் குடியேறினார்கள். பொன்னுசாமி வேறொரு தோட்டத்தில் வெட்டுக்காரனாகச் சேர்ந்தான். இருபது வருடம் கழித்துக் கத்தி பிடித்த கை. முதல் மாதமே உள்ளங்கை முழுக்கப் புண்.

டிசம்பரில் போலீசிலிருந்து கடிதம் வந்தது. வழக்கு முடிந்ததால் உரிமையாளர் தன் துப்பாக்கியை வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று இருந்தது. அவன் பஸ் ஏறிப் போனான். சார்ஜெண்ட் பையை அவன் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வேண்டாம்."

"லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு. வேண்டாம்னா அப்படியே விட்டுட்டுப் போக முடியாது. உன்னோடதுன்னு ஒப்புக்கிட்டு, ஒப்படைக்கிறேன்னு எழுதிக் கொடுக்கணும்."

"என்னோடதுதான். எங்க எழுதணும்?"

சார்ஜெண்ட் காகிதத்தைத் திருப்பி வைத்து இடத்தைக் காட்டினார். பொன்னுசாமி தமிழில் கையெழுத்துப் போட்டான். புண் ஆறாத கை என்பதால் எழுத்து கோணலாக வந்தது. சார்ஜெண்ட் அதைப் பார்த்துவிட்டு, கிரியோலில், போகலாம் என்றார்.

அவன் வீடு திரும்பும்போது மாலை நாலு மணி இருக்கும். சிவகாமி தம்பி வீட்டுப் பெண்களோடு அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"கொடுத்துட்டேன்," என்றான்.

"ரெண்டு துண்டையும்தானே?"

"ரெண்டையும்."

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவனும் குனிந்து பறிக்கத் தொடங்கினான்.