ஐந்தரை, ஆறு, ஆறரை

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரண்டாயிரத்து எட்டில் மாத்தளை டவுனில் இணையத்தில் ஜாதகம் கணித்துக் கொடுத்த ஒரே கம்ப்யூட்டர் கடை என்னுடையதுதான். நடராஜா சோதிடர் கேட்டார், சந்திரகாந்தா செய்து கொடுத்தாள். என் பங்குக்கு நான் செர்வருக்கு ஒரு மின்விசிறி வாங்கி வைத்தேன், அவ்வளவுதான்.

சந்திரகாந்தா என் கடையில் வேலை பார்த்தவள். இருபத்தேழு வயது. கண்டியில் படித்தவள், கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். அவள் எழுதிய அந்தச் செயலி எழும்பும்போது ஒரு கோப்பைப் படிக்கும். எந்த மொழியில் பேச வேண்டும், எந்தப் பக்கத்தை முதலில் காட்ட வேண்டும், நாட்டின் நேரம் கிரீனிச்சிலிருந்து எத்தனை மணி தள்ளி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே தடவைதான் படிக்கும். நடுவில் நீங்கள் போய் எதையாவது மாற்றினால் அது சட்டையே பண்ணாது. நிறுத்திவிட்டு மறுபடி எழுப்ப வேண்டும்.

நேரத்தை ஏன் கோப்பில் வைத்தாள் என்றால், நம் நாட்டு நேரத்தின் லட்சணம் அப்படி. முன்பு ஐந்தரை. தொண்ணூற்றாறில் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆறரை ஆக்கினார்கள், அது பிடிக்காமல் ஆறு ஆக்கினார்கள். பத்து வருசம் கழித்துத் திரும்பவும் ஐந்தரை. கோவில்காரர்கள் இது எதற்கும் மசியாமல் பழைய நேரத்திலேயே பூசை செய்துகொண்டிருந்தார்கள். கல்யாண வயதில் இருந்தவர்கள் எல்லோரும் தொண்ணூற்றாறுக்கு முன்னால் பிறந்தவர்கள், ஆகவே கோப்பில் ஐந்தரை இருந்தால் ஜாதகம் சரியாக வரும். அப்படித்தான் இருந்தது.

பலாபத்வலையில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த ஒருவரை அவளுடைய அம்மா கிருஷ்ணம்மா பார்த்து வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே, "இனி அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கெல்லாம் போக வேணாம், சரியா?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாராம். சந்திரகாந்தா மறுநாள் வழக்கத்தைவிட ஒரு மணி முன்னதாகவே கடைக்கு வந்துவிட்டாள்.

அந்த வாரம் கிருஷ்ணம்மா அவளுடைய ஜாதகத்தை எங்கள் கடையிலேயே அச்செடுத்துச் சோதிடரிடம் கொண்டுபோனார். ஏழாமிடத்தில் செவ்வாய். பச்சையான தோஷம். ஹார்ட்வேர்காரர் வீட்டார் அன்றைக்கே கையைக் கழுவினார்கள்.

"என்னா புள்ள செஞ்ச?" என்று கேட்டேன்.

"ஐந்தரைய ஆறாக்கி எழுப்புனேன் அண்ணே. செவ்வா ஒரு கட்டம் தள்ளிப் போச்சு. இப்ப பழையபடி வச்சிட்டேன்."

"அடிப்பாவி, ஊரெல்லாம் சொல்லுவாங்களே!"

"சொல்லட்டும். நான் யாரையும் கட்டிக்கப் போறதில்ல."

அப்படிச் சொல்லி ஆறு மாதம் ஆகவில்லை, முத்துவீரன் வந்து சேர்ந்தான். வில்கமுவவில் உழவு இயந்திரம் திருத்துகிறவன். உதிரிப்பாகம் கேட்டு கம்பனிகளுக்கு மின்னஞ்சல் அனுப்ப எங்கள் கடைக்கு வருவான். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு பஸ் கிடைக்கும்போதெல்லாம். ஒரு கியர்ப்பெட்டிக்கு எத்தனை மின்னஞ்சல்தான் அனுப்புவான் மனுசன்? எனக்குக் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

அவனுடைய அம்மா பரிமளம் அக்கா டவுனிலேயே தனியாக இருந்தார். விசயம் தெரிந்ததும் ஒரே பிடி. "செவ்வா தோசக்காரிய கட்டி வச்சி என் புள்ளய சாகக் குடுக்கவா?"

சந்திரகாந்தா ஐந்தரையில் சரியான ஜாதகத்தை அச்சடித்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை.

"கம்ப்யூட்டர்ல வேல செய்ற புள்ளைக்கி ஒரு கட்டத்த மாத்தத் தெரியாதா?" என்றாராம்.

மாற்றத் தெரிந்தவள்தான், மாற்றினவள்தான். அவள் கடைக்கு வந்து விசைப்பலகைமேல் தலையைச் சாய்த்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முத்துவீரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டான்.

"அப்ப எனக்கும் செவ்வாய வச்சிருங்க. தோசத்துக்குத் தோசம் சரியாப் போயிரும்ல?"

வழக்கம் அதுதான். இரண்டு பேருக்கும் தோஷம் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். அவனுக்கு எழுதி வைத்த ஜாதகமும் கிடையாது, எண்பத்திமூன்று கலவரத்தில் கடையும் வீடும் எரிந்தபோது அதோடு போய்விட்டது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலையாட்களைக் கூட்டும் பெரட்டுக்கு மணி அடித்த நேரம் பிறந்தான் என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியும். சந்திரகாந்தா அந்த நேரத்தைக் கொடுத்து, ஆறு போட்டு எழுப்பிப் பார்த்தாள். செவ்வாய் அசையவில்லை. ஆறரை போட்டாள். பன்னிரண்டாமிடத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைகொட்டினார்கள்.

அடுத்த நாள் பரிமளம் அக்காவைக் கடைக்கே கூட்டிவந்தான். மகன் பிறந்த நேரத்தை அவர் சொல்ல, அவர் கண்முன்னாலேயே சந்திரகாந்தா தட்டினாள். தாள் வெளியே வந்தது. அக்காவுக்குக் கட்டம் பார்க்கத் தெரியும். விரலை வைத்து எண்ணினார், பன்னிரண்டில் விரல் நின்றது.

"என் புள்ளைக்கா?" என்றார்.

"ஆமாம்மா. ரெண்டு பேருக்கும் இருக்கு. பொருத்தந்தான்," என்றான் முத்துவீரன். முகமெல்லாம் பல்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதான் ஒங்கப்பா போயிட்டாரு," என்றார். "கடைக்கி நெருப்பு வச்சவனுகள இம்புட்டுக் காலமும் நான் மண்ணள்ளித் தூத்துனேன். அவனுக என்னா செய்வானுக? தோசம் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு." அவன் கையைப் பிடித்துத் தடவினார். "ஒம்மேல குத்தமில்லய்யா. நீ பொறந்த நேரம்."

முத்துவீரன் சிரித்த வாயை மூடவில்லை, ஆனால் சிரிப்பு போய்விட்டது. கலவரத்தில் கடையோடு எரிந்து அப்பா சாகும்போது அவனுக்கு நாலு வயது. ஒரு வார்த்தை சொன்னால் அவன்மேல் விழுந்த பழி போய்விடும், கல்யாணமும் போய்விடும். அவன் சந்திரகாந்தாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அவள் எழுந்துவிட்டாள்.

"அம்மா, இது பொய். இங்க வந்து பாருங்க."

அவரைக் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் இருத்தினாள். கோப்பைத் திறந்து ஆறரையைக் காட்டினாள். அழித்து ஐந்தரை போட்டாள். செயலியை நிறுத்தி எழுப்பினாள். அதே மணி, அதே நாள். செவ்வாய் பன்னிரண்டை விட்டுப் போயிருந்தது. அவர் கேட்காமலே தன்னுடையதையும் போட்டுக் காட்டினாள், ஐந்தரையில் ஒன்று, ஆறில் ஒன்று. ஹார்ட்வேர்காரர் கதையையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"நாந்தான் பொய் சொன்னேன். ஒங்க மகன் பொறந்த நேரத்துல ஒரு பழுதும் இல்ல. என்னைய வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க. அவர அப்பிடிப் பாக்காதீங்க."

பரிமளம் அக்கா திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"இந்த எண்ணு மாறுனா எல்லாம் மாறுமா?"

"மாறும்மா."

"அப்ப அந்த நெருப்பு வச்சவனுகதான்," என்றார்.

"அவனுகதாம்மா," என்றான் முத்துவீரன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே தம்புள்ளை பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். அக்கா பன்னிரண்டில் செவ்வாய் இருந்த தாளை நாலாகக் கிழித்து என் மேசைமேல் வைத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று சந்திரகாந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்கி வர்றேன். சோசியருகிட்ட தாளெல்லாம் ஒண்ணும் கொண்டுபோக வேணாம். கல்யாணத்துக்கு நாள மட்டும் கேட்டு வைக்கச் சொல்லு."