கட்டிலின் நடுவே மாநகர எல்லை

மாநகராட்சியின் எல்லை எங்கள் கட்டிலின் நடுவே போகிறது. இரண்டு தலையணைகளுக்கும் இடையே மஞ்சள் பெயின்டில் கோடு. நான் படுக்கும் பக்கம் மாநகராட்சி. என் மனைவி கோகிலவாணியின் பக்கம் ஊராட்சி. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சிரிப்போம். என் மேல் கையைப் போட்டு, "டவுனுக்கு வந்துட்டேன்" என்பாள்.

அவள் இறந்து பதினோரு நாள் ஆகிறது. இன்னும் கட்டிலில்தான் இருக்கிறாள். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் மயானத்தில் வாங்க மாட்டார்கள். உடல் கெடவில்லை. சான்றிதழ் இல்லாமல் கெடுவதற்கும் அனுமதி இல்லை.

அது ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். "கொஞ்சம் தள்ளிப் படுங்க மாமா" என்றாள். ஃபேன் காற்றுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். நல்ல தூக்கம். நான் தள்ளவில்லை.

இரண்டாம் முறை கேட்டபோது அவள் உதடு நீலமாக இருந்தது.

மாநகராட்சி ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. டிரைவர் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"பேஷன்ட் ஊராட்சியில இருக்காங்களே சார்."

"தூக்கி இந்தப் பக்கம் வைக்கிறேன்."

"நீங்க தூக்கக் கூடாதுங்க. அது எல்லை மாற்றம். தீர்மானம் போடோணும். அவங்களா உருண்டு வந்தா எடுத்துக்குவோம்."

ஸ்ட்ரெச்சரைக் கோட்டை ஒட்டி வைத்துக் காத்திருந்தார்கள். "வாங்கக்கா, இன்னுங் கொஞ்சந்தான்" என்று டிரைவர் கைதட்டினார். நல்ல மனிதர். நான் படித்தவன். விதி என்றால் என்னவென்று தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவளுடைய ஒரு கை மணிக்கட்டு வரை கோட்டைத் தாண்டியது. அதற்கு மேல் வரவில்லை.

மறுநாள் மாநகராட்சிக்குப் போனேன். நகரம் வளர்ந்துகொண்டிருந்ததால் அதன் தாழ்வாரமும் வளர்ந்துகொண்டிருந்தது. காலையில் கண்ணுக்குத் தெரிந்த கதவை மாலையில்தான் தொட முடிந்தது. உள்ளே ஜெபராஜ் என்ற ஆய்வாளர் இருந்தார். எங்கள் பகுதி அவர் பொறுப்பு. மரியாதையானவர். அன்றே சான்றிதழ் கொடுத்தார். அதில் கோகிலவாணியின் வலது கை மட்டும் இறந்திருந்தது.

"மீதி?"

"மீதி எங்க எல்லையில சாகலைங்களே."

ஊராட்சி அலுவலகத்தில் செயலர் மருதாசலம் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"கையில்லாத பொம்பளை யாரும் எங்க ஊர்ல இல்லீங் தம்பி."

"கை இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம்."

"அப்ப அங்கயே கேளுங்."

எட்டு நாள் இரண்டுக்கும் நடந்தேன். பத்தாம் நாள் இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து கூட்டு வளர்ச்சிக் குழு அமைத்தன. எல்லையோரப் பகுதிகளுக்குச் சாலை, குடிநீர், சாக்கடை எல்லாம் இனி ஒத்துழைப்பில்தான். ஜெபராஜே போன் செய்து சொன்னார். "உங்க பிரச்சனைதான் முதல் பொருள்" என்றார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவளுக்குக் கட்ட நல்ல சேலை ஒன்றை எடுத்து வைத்தேன்.

இன்று காலை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டம் கட்டிலிலேயே நடந்தது. ஜெபராஜ் என் பக்கம் உட்கார்ந்தார். மருதாசலம் அவள் காலடியில் உட்கார்ந்தார். வரைபடத்தை அவள் வயிற்றின் மேல் விரித்தார்கள். வேறு சமமான இடம் இல்லை.

"பாதாளச் சாக்கடை உங்க சம்சாரம் பக்கமா போகுது. அதனால அந்தப் பக்கம் எங்களுக்கு வேணும்" என்றார் ஜெபராஜ்.

"அப்ப இவரு பக்கத்த எங்களுக்குக் குடுத்துருங்" என்றார் மருதாசலம்.

"கோடு?"

"அப்படியே இருக்கட்டுங். பெயின்ட் மிச்சம்."

இருவரும் கைகுலுக்கினார்கள். பிறகு கோட்டைத் தாண்டிக் கிடந்த அவள் கையை இரண்டு பக்கமும் பிடித்து, மெதுவாகத் தூக்கி, அவள் மார்பின் மேல் வைத்தார்கள். அவ்வளவு கவனமாக அவளை யாரும் தொட்டதில்லை.

"இனி முழுசா மாநகராட்சிதானே. முழுச் சான்றிதழ் கொடுங்கள்" என்றேன்.

ஜெபராஜ் தயங்கினார். "இந்த மாற்றம் போன மாசம் ஒண்ணாந் தேதியிலிருந்து அமல். அப்படின்னா அந்த ஞாயித்துக்கிழமை மதியம் உங்க மனைவி எங்க எல்லையில இருந்திருக்காங்க. ஆம்புலன்ஸ் ஒம்பது நிமிசத்துல வந்திருக்கு. எங்க எல்லையில ஒம்பது நிமிசத்துல வந்தா ஆள் பிழைச்சுக்கும். இதுவரைக்கும் தவறினதே இல்ல."

"அவள் இறந்துவிட்டாள்."

"அது பழைய எல்லையிலங்க."

கையின் சான்றிதழைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். வேறொரு தாளை நீட்டினார். 'மனைவியை நலமுடன் பெற்றுக்கொண்டேன்.' கீழே என் பெயர் சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தது.

"கையெழுத்துப் போடலைன்னா?"

"உயிரோட இருக்கிற பொண்டாட்டிய வேண்டாங்கறீங்களா தம்பி?" என்றார் மருதாசலம். "பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கொடுக்கும்போது நெஞ்சில் இடது பக்கம் பிடித்தது. சொன்னேன்.

மருதாசலம் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இப்ப நீங்க நம்ம ஊரு ஆளுங். நம்மகிட்ட குப்பை டிராக்டர் ஒண்ணுதான் இருக்குது. வலி அதிகமானா அந்தப் பக்கம் உருண்டுக்குங். அவங்க வண்டி ஒம்பது நிமிசத்துல வந்துரும்."

"கண்டிப்பா" என்றார் ஜெபராஜ்.

சேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மதியம் ஆயிற்று. படுத்திருக்கிறேன். வலி தோளுக்கு ஏறிவிட்டது. வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஸ்ட்ரெச்சர் அவள் பக்கத்தை ஒட்டி வந்துவிட்டது. டிரைவர் கைதட்டுகிறார். "வாங்கண்ணா, இன்னுங் கொஞ்சந்தான்."

உருண்டேன். அவள் தோள் இடித்தது. கோட்டிலிருந்து கட்டிலின் விளிம்பு வரை அவள்தான் இருக்கிறாள்.

"வாணி, கொஞ்சம் தள்ளிப் படு" என்றேன்.

அவள் தள்ளவில்லை.