எல்லைக்கு வடக்கே விழுந்த மூஸ்

என் வீட்டுக்காரர் லெஸ்டர் எங்கள் ஊர் வேட்டைக் கழகத்தின் தலைவர். சாப்பாட்டு மேசையிலும் தலைவர்தான்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்கும் கனடாவுக்கும் நடுவே, எங்கள் ஊரையொட்டிய எல்லையில், காட்டை நேராக வெட்டி ஒரு வெற்றுப் பாதை விட்டிருக்கிறார்கள். வேட்டைச் சாதனைப் பட்டியலின் விதிப்படி, பாதைக்குத் தெற்கே சுட்டால் மூஸ் மான் 'சைரஸ்' என்கிற சின்னத் துணையினம். வடக்கே சுட்டால் 'கனடா' என்கிற பெரிய துணையினம். பாதையைத் தாண்டும் மூஸுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

லெஸ்டர் சுட்ட ஆண் மூஸ் வடக்கே விழுந்தது. அங்கே அளவில் அது கூட்டத்தில் ஒன்று. கயிறு கட்டித் தெற்கே இழுத்து வந்ததும் மாநிலத்திலேயே பெரிய சைரஸ் ஆகிவிட்டது. சாதனைப் பட்டியலில் பெயர் வந்துவிடும் என்று கொம்பின் அகலத்தைத் தபால்காரரிடம்கூடச் சொன்னார்.

கொம்பு இரண்டு மாதம் காய்ந்த பிறகுதான் அளப்பார்கள். மண்டையோட்டோடு கொட்டகையில் தெற்கே பார்த்து வைத்தார். காலையில் அது வடக்கே பார்த்தது. என் வேலை என்று சண்டை பிடித்தார். கதவைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார். அப்புறமும் திரும்பியது. பிறகு பனியில் குளம்புத் தடங்கள். எல்லையிலிருந்து கொட்டகைவரை வந்தன. திரும்பிப் போனதாக ஒன்றுமில்லை. தலைவர் விடியற்காலையில் துடைப்பத்தோடு போய் அவற்றைப் பெருக்கித் தள்ளினார்.

பட்டியலுக்காகக் கொம்பை அளக்க வந்தவள் க்வென் டாலிவர். நாடாவை விரித்துப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"எந்தப் பக்கம் விழுந்துச்சு லெஸ்டர்? வாயால சொல்லணும், அதான் விதி."

கொட்டகைச் சுவருக்கு வெளியே யாரோ பெருமூச்சு விட்டார்கள். உங்கள் குதிரைக்குச் சளியா என்று கேட்டாள் க்வென். எங்களிடம் குதிரை கிடையாது.

லெஸ்டர் வெளுத்துப் போனார். "அந்தப் பக்கம். கனடாவுல. நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

க்வென் நாடாவைச் சுருட்டினாள். வன அதிகாரியிடம் சொல்லத்தான் வேண்டும் என்றாள். பட்டியலும் போயிற்று, பதவியும் போகும்.

லெஸ்டர் சுவரைப் பார்த்துக் கெஞ்சினார். "அதான் உண்மையைச் சொல்லிட்டேன்ல. போயிடு."

மூச்சு கதவுப் பக்கம் நகர்ந்தது.

"சைரஸோ கனடாவோ, அதுக்கென்ன லெஸ்டர்?" என்றேன். "அது தன்னோட தலையைத் தேடி வந்திருக்கு."

ஆளுக்கொரு கொம்பைப் பிடித்து வெளியே தூக்கிப் போனோம். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பனியில் இறக்கி வைத்ததும் லெஸ்டர் தொப்பியைக் கழற்றினார். கொடியேற்றும்போதுகூட அவர் கழற்றி நான் பார்த்ததில்லை.

வாசற்படி ஏறும்போது பின்னால் கனமான ஏதோ எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.