உயிரோடு இருப்பவனின் ஒப்பாரி

சென்றாயன் சாகவில்லை. ஆனால் 2001 ஆடி மாதத்திலிருந்து அவன் செத்துப்போனதாகத் தமிழ்நாடே பாடிக்கொண்டிருந்தது.

பாடியது அவன் மனைவி ராமாயி. முந்தைய வருடம் மெட்ராஸிலிருந்து கிடார் வாசிக்கும் பையன்கள் மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டுக்கு வந்து, ஒப்பாரி பாடச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. அதனால் மிளகுக் கொடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து பாடினாள். ஒப்பாரிக்கு ஒரு பெயர் வேண்டும். செத்தவர்கள் யார் பெயரும் வாயில் வரவில்லை. புருஷன் பெயர்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அழுதும் விட்டாள். பையன்கள் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள். அவனில்லாத வீடு ஒரு கணம் அவள் கண்ணில் தெரிந்தது. யாருடைய காலடிக்கும் காது கொடுக்காமல் அடுப்பு முன்னால் தான் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அழுகை அதற்குத்தான் வந்தது.

'எரிகல்' என்ற அந்தக் குழு டிரம்ஸும் கிடாரும் சேர்த்துப் பாட்டை வெளியிட்டது. சேந்தமங்கலம் பஸ்ஸில் அதுதான், கேசட் கடையிலும் அதுதான். கல்யாணத்தில்கூட அதற்கு ஆடினார்கள். பெயர் வரும் இடத்தில் டிரம்ஸ் நின்றுவிடும். கேட்பவர்கள் எல்லோரும் "சென்றாயா" என்று கத்த வேண்டும். கிரிக்கெட்டில் ஒருவன் அவுட்டானாலும் காலேஜ் பையன்கள் அதையே கத்தினார்கள்.

டீக்கடை செல்லமுத்து, கருமாதிச் சாப்பாடு எப்போது என்று சென்றாயனிடமே கேட்டார். அவன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான், பிறகு பஸ் ஏறுவதை. லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் அவளை முறைத்தான். ஓங்கிய கையை, ஊர் சிரிக்கும் என்று கீழே இறக்கினான். அந்தப் பயம் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது அவளுக்கே கொஞ்சம் அச்சமாக இருந்தது.

மார்கழியில் பையன்கள் ஜீப்பில் வந்தார்கள். நாமக்கல்லில் கச்சேரி, அம்மாவே மேடையில் பாட வேண்டும் என்றார்கள். சென்றாயன் வாசலை மறித்து நின்றான். பாட்டில் வருவது தன் புருஷன் இல்லை, செத்துப்போன வேறொரு சென்றாயன் என்று அவள் மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டாம் என்றான்.

மலையில் சென்றாயன்களுக்குப் பஞ்சமில்லை. சின்னப் பொய்தான். இத்தனை வருடம் இந்த வீட்டில் நன்றாக இருப்பதாக அவள் சொல்லிவந்த பொய்யைவிடச் சின்னது. அதோடு இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"சொல்ல மாட்டேனுங்க."

"ஏம்புள்ள, அப்ப நா நெசமாவே செத்தா எதப் பாடி அழுவ? இதத்தான் ஊரே பாடி ஆடிருச்சே."

பக்கத்து வாசல்களில் பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராமாயி குரலை உயர்த்தவில்லை.

"ஒண்ணும் பாட மாட்டேனுங்க. உங்களுக்கு அழுது முடிச்சாச்சு."

பெண்டாட்டி பாடாத சாவு அந்த ஊரில் நடந்ததில்லை. சென்றாயன் பெண்களைப் பார்த்தான். யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. அவன் வாசலை விட்டு விலகினான்.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலைகளை ஒன்று விடாமல் எடுத்து மடித்துக்கொண்டு அவள் ஜீப்பில் ஏறினாள்.